காசுக்கு ஒரு வாக்கா, ஆளுக்கு ஒரு வாக்கா?

சிராங்கூன் சாலையில் அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் எதிர்ப்பட்டார். தேக்கா உணவங்காடியில் அமர்ந்து தேநீர் அருந்தியவாறே அவர் ஒரு புதிய உலகத்தைப் பற்றிப் பேசினார். "ஐயா, இனிமேல் சங்கத்துக்குத் தலைவர் வேண்டா, செயலாளர் வேண்டா, செயற்குழுச் சண்டையும் வேண்டா. விதிகளைக் கணினிக்குள் எழுதிவிட்டால் அமைப்பு தானே நடக்கும். உடைமை எல்லார்க்கும் பொது. நம் தமிழ்ச் சமூகத்துக்கும் இப்படி ஒன்றைத் தொடங்கினால் என்ன?" என்றார்.

மாணவன் ஆசிரியருக்குப் பாடம் நடத்த முன்வருவது ஆசிரியர் வாழ்வின் பெரும்பேறுகளில் ஒன்று. ஆகையால் இடைமறிக்காமல் கேட்டேன். ஆனால் வீடு திரும்பியபின் மனம் அமைதி கொள்ளவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை, மறுபாதி மயக்கம். அம்மயக்கம் அவர் ஒருவர்க்கே உரியதாயின் மறுமுறை தேநீர் அருந்தும்போது பேசித் தீர்த்திருப்பேன். கற்ற இளைஞர் பலரிடமும் அது பரவியிருப்பதால் எழுத வேண்டியதாயிற்று.

முதற்கண் பொருளை விளக்கிவிடுவோம். டாவோ என்பது ஆங்கிலச் சொற்கள் மூன்றின் முதலெழுத்துகளால் அமைந்த பெயர். மையமின்றிப் பரவிய தன்னாட்சி அமைப்பு எனத் தமிழிற் கூறலாம். ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். ஐந்நூறு பேர் சேர்ந்து லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டை வாங்கித் தமிழ் நூலகம் நடத்த விரும்புகின்றனர் என்க. வழக்கமான முறையில் அவர்கள் சங்கம் பதிவு செய்வர், பொருளாளரிடம் பணம் சேரும், செயற்குழு முடிவெடுக்கும். டாவோ முறையில் அவரவர் தம் பணத்தை ஒரு கணினி நிரலுக்கு அனுப்புவர். ஈடாக டோக்கன் எனும் அடையாள வில்லைகள் அவர்தம் கணக்கில் ஏறும். "இக்கடைவீட்டை வாங்குவோம்" என ஒருவர் முன்மொழிந்தால், வில்லை வைத்திருப்போர் கணினி வழியே வாக்களிப்பர். பெரும்பான்மை கிட்டியதும் நிரல் தானே பணத்தை விடுவிக்கும். காசோலையில் கையொப்பமிட ஆள் வேண்டா. ஒவ்வொரு வரவும் செலவும் பிளாக்செயின் எனும் தொடரேட்டில் பதிவாகும். அவ்வேட்டின் படிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருப்பதால், தனியொருவர் நள்ளிரவில் பக்கத்தைக் கிழித்துவிட முடியாது.

கேட்க இனிக்கிறது. கணக்கு யாவரும் காண வெளிப்படையாய் நிற்கும் என்பது சிறு நன்மையன்று. நம்முடைய சங்கங்களின் கணக்கேடுகளைப் பார்த்தவர்க்கு அந்நன்மையின் அருமை தெரியும். இதனை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். இதற்கு மேல் ஒப்புக்கொள்ள இயலாது.

ஏன்? வாக்கு யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான டாவோக்களில் வாக்கு ஆளுக்கு அன்று; வில்லைக்கு. பத்து வில்லை உடையவர்க்குப் பத்து வாக்கு. பத்தாயிரம் உடையவர்க்குப் பத்தாயிரம். காசுக்கு ஒரு வாக்கு! இதனை "மக்களாட்சி" என்று அழைக்கும் துணிவை என்னென்பது? 2022 ஏப்ரலில் பீன்ஸ்டாக் என்னும் அமைப்புக்கு நேர்ந்ததை மாணவர் அறிதல் வேண்டும். ஒருவர் நூறு கோடி அமெரிக்க வெள்ளி அளவுக்குக் கடன் வாங்கினார். அக்கடன் எடுத்த பரிவர்த்தனைக்குள்ளேயே திருப்பித் தரப்படும் மின்னல் கடன். ஈடு ஏதும் தேவையில்லை. அப்பணத்தால் ஒரு நொடியில் பெரும்பான்மை வாக்கைத் தமதாக்கினார். கருவூலத்தைத் தமக்கே வழங்குமாறு முன்னரே இட்டு வைத்திருந்த தீர்மானத்தை நிறைவேற்றினார். கடனை அடைத்துவிட்டு நடந்தார். அமைப்புக்கு நேர்ந்த இழப்பு ஏறத்தாழ 18 கோடி அமெரிக்க வெள்ளி. பூட்டை உடைத்துப் புகுந்தாரோ? இல்லை. அமைப்பின் விதிப்படி வாக்களித்தே அள்ளிக்கொண்டு போனார். ஆளுக்கு ஒரு வாக்கு என்றிருந்தால் கடனுக்கு வாங்கிய பணம் அவருக்கு எத்தனை வாக்குகளைத் தந்திருக்கும்?

"நிரலே சட்டம், மனிதர் தலையீடு இல்லை" என்பது இவர்களின் மற்றொரு முழக்கம். இது 2016இலேயே பொய்த்தது. அவ்வாண்டு 'தி டாவோ' என்றே பெயர் சூட்டிய முதற்பெரும் அமைப்பு எதீரியம் தொடரேட்டின்மேல் எழுந்தது. சில வாரங்களில் 15 கோடி அமெரிக்க வெள்ளி மதிப்புள்ள ஈதர் நாணயங்கள் வந்து குவிந்தன. ஜூன் 17ஆம் நாள், நிரலில் இருந்த ஓர் ஓட்டையைக் கண்டறிந்த ஒருவர் 36 இலட்சம் ஈதரை வடித்தெடுக்கத் தொடங்கினார். கணக்கில் கழிக்குமுன்பே மீண்டும் மீண்டும் பணம் கேட்கும் தந்திரம் அது. கடைக்காரர் ஏட்டில் எழுதுமுன் நூறு முறை கைநீட்டுவது போல. நிரலே சட்டமாயின் அவர் செய்தது குற்றமன்று. அப்படித்தான் விட்டார்களா? இல்லை. எதீரியத்தை உருவாக்கியோரும் கணினி இயக்குவோரும் வாரக்கணக்கில் வாதாடினர். ஜூலை 20ஆம் நாள் தொடரேட்டையே பிளந்து, களவு நிகழாதது போல் எழுதினர். ஒப்பாதவர் பழைய ஏட்டை எதீரியம் கிளாசிக் எனத் தனியே வைத்துக்கொண்டனர். அவர்கள் செய்தது தவறு என நான் கூறவில்லை. பணம் இழந்தோர்க்கு அதனால் மீட்பு கிடைத்தது. நான் சுட்டுவது வேறு. நெருக்கடி வந்தபோது தலைவரில்லா அமைப்புக்குத் தலைவர்கள் முளைத்துவிட்டனர். அவர்களைத் தேர்ந்தெடுத்தவர் யார்? அவர்களை நீக்கும் விதி எங்கே? செயற்குழு இல்லையென்றால் அதிகாரம் இல்லை என்று பொருளன்று. அதிகாரத்துக்கு முகவரி இல்லை என்றே பொருள்.

எளியவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 2021 நவம்பரில் அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் முதற்பதிப்புப் படியொன்றை ஏலத்தில் எடுத்துப் பொதுவுடைமையாக்க ஏறத்தாழ 17,000 பேர் 4 கோடியே 70 இலட்சம் அமெரிக்க வெள்ளி திரட்டினர். நோக்கம் உயர்ந்தது. ஏலத்தில் ஒரு செல்வர் அவர்களை வென்றுவிட்டார். பணத்தைத் திரும்பப் பெறலாம் என்றபோதுதான் சிறுதொகை தந்தவர் கண்டனர்: அனுப்பவும் மீட்கவும் தொடரேட்டுக்குச் செலுத்தும் கட்டணமே அவர்தம் தொகையின் பெரும்பகுதியை விழுங்கும் என்பதை. கைவிட்டோர் பலர்.

இனி, பொதுவுடைமை கணினி வந்தபின் பிறந்த கருத்து என எண்ணும் மாணவர்க்குச் சில ஆண்டுகளை நினைவூட்டுவேன். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 தொழிலாளர் சிறுதொகை சேர்த்து ஒரு மளிகைக்கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற ஒருசில பொருள்களே சரக்கு. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் உறுப்பினர்க்கு ஒரே வாக்கு என்னும் நெறி அவர்கள் வழியாகவே உலகெங்கும் பரவியது. 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. சிங்கப்பூரில் 1925இல் அரசாங்க ஊழியர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கம் பதிவு பெற்றது. இங்கு முதலாவது அதுவே. வட்டிக்கடைக்காரரின் வாயிலில் நின்ற எழுத்தர்க்கு அது வாழ்வளித்தது. 1973இல் தோ பாயோவில் திறந்த வெல்கம் கடை விலைவாசியை அடக்கப் பிறந்த தொழிற்சங்கக் கூட்டுறவு. இன்று ஃபேர்பிரைஸ் என்னும் பெயரில் நம் வீட்டுக்கு அரிசி தருவது அதன் வழிவந்ததே. எழுத்தாளர் இதைப் படிப்பதால் இன்னொன்றும் சொல்வேன்: 1945இல் கோட்டயத்தில் மலையாள எழுத்தாளர் கூடி சாகித்திய பிரவர்த்தகக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தம் நூல்களைத் தாமே வெளியிட்டனர். நாமோ தனித்தனியே அச்சிட்டுத் தனித்தனியே கட்டிலின்கீழ் அடுக்கி வைத்திருக்கிறோம்.

கூட்டுறவின் நுட்பம் ஆளுக்கு ஒரு வாக்கோடு முடியவில்லை. சேமநிதி என ஒன்றுண்டு. ஆண்டுதோறும் மிகையின் ஒரு பகுதி அதில் சேரும். அது எவருக்கும் பங்கிட்டுத் தரப்படுவதன்று. முன்னோர் விட்டு, பின்னோர்க்குச் செல்வது. சங்கம் கலைந்தாலும் மிகை உறுப்பினர் பைக்குள் போகாமல் கூட்டுறவு இயக்கத்தின் நலனுக்கே செல்லுமாறு சிங்கப்பூர்ச் சட்டம் வகுத்துள்ளது. பங்குச்சந்தைக்குப் பழகியவர் இதனைப் பேதைமை என்பார். நான் இதனை அறம் என்பேன்.

ஆனால் கூட்டுறவைப் புகழ்ந்துவிட்டுக் கைகட்டி உட்கார்வதற்கில்லை. டாவோ பேசும் என் மாணவர் என்னை மடக்க விரும்பியிருந்தால் ஒரு சொல்லே போதும்: இன்கம். 1969இல் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் நடத்திய கருத்தரங்கில் டாக்டர் கோ கெங் சுவீ தொழிலாளர்க்கென ஒரு கூட்டுறவுக் காப்புறுதிச் சங்கம் வேண்டுமென முன்மொழிந்தார். 1970இல் என்டியுசி இன்கம் பிறந்தது. கூலித் தொழிலாளியும் காப்புறுதி பெற முடிந்தது. ஐம்பது ஆண்டு வளர்ந்தபின் 2022 செப்டம்பரில் அது கூட்டுறவுச் சங்கம் என்னும் நிலையை விட்டு நிறுவனமாக மாறியது. உறுப்பினர் கூட்டத்தின் இசைவோடுதான் மாறியது. அப்போது சட்டப்படி கூட்டுறவு இயக்கத்துக்குச் சேரவேண்டிய ஏறத்தாழ 200 கோடி வெள்ளி மிகையை, தன் முதலீட்டு வலிமைக்காக உடன் கொண்டுசெல்ல விலக்களிக்கப்பட்டது. ஈராண்டு கழியவில்லை. 2024 ஜூலையில் ஜெர்மனியின் அலியான்ஸ் நிறுவனம், பங்குக்கு 40.58 வெள்ளி வீதம், குறைந்தது 51 விழுக்காட்டை ஏறத்தாழ 220 கோடி வெள்ளிக்கு வாங்க முன்வந்தது. வாங்கிய மூன்றாண்டுக்குள் 185 கோடி வெள்ளி முதலைப் பங்குதாரர்க்குத் திருப்பித் தரும் திட்டமும் உடனிருந்தது. பொதுநிதி பங்கு நிதியாய்க் கரையும் வழி இதுவன்றோ?

முன்னாள் தலைமை நிர்வாகி ஒருவர் வெளிப்படையாய் எதிர்த்தெழுதினார், பேராசிரியர் டாமி கோ குரல் கொடுத்தார், பொதுமக்களும் வினவினர். 2024 அக்டோபர் 14ஆம் நாள் அமைச்சர் எட்வின் டோங் நாடாளுமன்றத்தில் அரசு இவ்விற்பனையை ஏற்காது என அறிவித்தார். இரு நாளில் காப்புறுதிச் சட்டம் திருத்தப்பெற்றது. டிசம்பரில் அலியான்ஸ் பின்வாங்கியது. விதி அப்பொதுநிதியைக் காத்ததா? விதிக்குத்தான் விலக்குக் கிடைத்திருந்ததே! படித்துப் பார்த்துக் கேள்வி கேட்ட மனிதரே காத்தனர். டாக்சி ஓட்டுநர்க்காக அதே 1970இல் எழுந்த கம்ஃபர்ட் கூட்டுறவு 1993இல் நிறுவனமாகிப் பின் பங்குச்சந்தைக்குச் சென்றபோது இத்தனை பேர் கேள்வி கேட்டதாக நினைவில்லை. நிறுவனமான மறுகணமே வாக்கு பங்கின் எண்ணிக்கைப்படி எண்ணப்படும். டாவோவும் அதையே செய்கிறது. புதுமை எனக் கொண்டாடப்படுவது, பழைய கம்பெனிக்குக் கணினிச் சட்டை அணிவித்ததே.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இங்குதான் எனக்கு உள்ளபடியே மனம் வலிக்கிறது.

தமிழர் கொடுப்பதில் எவர்க்கும் இளைத்தவரல்லர். 1950களில் கோ. சாரங்கபாணி தமிழ் முரசின் வழியே 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதிக்கு அழைப்பு விடுத்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூலகம் அமைய, ஆளுக்கு ஒரு வெள்ளி. தோட்டத் தொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும் தந்தனர். ஆளுக்கு ஒரு வெள்ளி என்பதில் உள்ள அழகைக் கவனியுங்கள். செல்வர் நூறு தந்து பெயர்ப்பலகை வாங்குவதைவிட அது மேலானது. 1946இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. உமறுப் புலவர் பெயர் தாங்கிய அப்பள்ளி 1960இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. தமிழ்வழி உயர்நிலைக் கல்விக்கு இந்நாட்டில் அது ஒன்றே இருந்தது. பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குச் சென்றனர். 1982இல் அது மூடப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அப்பெயரைக் காத்து வருகிறது, அதற்கு நன்றி. ஆயினும் ஒன்றைக் கேட்கிறேன். தந்தவர்கள் தம்மை உடையவர்களாக எண்ணினார்களா? ஒரு வெள்ளி தந்தவரிடம், "இந்நூல்கள் எங்கே இருக்கவேண்டும், யார் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று எவரேனும் கேட்டதுண்டா? கேட்கவில்லை என்று திரட்டியவரைக் குறை கூறேன். அவர் தம் கடன் முடித்தார். நன்கொடை தந்து கைகுவித்து விலகிக்கொள்வது நம் குருதியில் ஊறிய பழக்கம். கொடை ஒரு நாளோடு முடியும். உடைமைக்கு ஆண்டுதோறும் வேலை உண்டு.

நம்பிக்கையை மட்டும் முதலாக வைத்து நடத்திய சீட்டுகளின் கதையும் மறக்கலாகாது. சீட்டு நிதிச் சட்டம் 1971இல் வந்தது. 1973இல் பெருஞ்சீட்டு நிறுவனமொன்று சரிந்து சேமிப்பாளர் கண்ணீர் வடித்தனர். அன்று "பெரிய மனிதர் நடத்துகிறார்" என நம்பினோம். இன்று "கணினி நடத்துகிறது" என நம்பச் சொல்கின்றனர். பார்வையிட வேண்டியவர் பாராதிருத்தல் இரண்டுக்கும் பொது.

இவ்விடத்தில் மேடைப் பேச்சாளர் எழுந்து, "ஆயிரம் ஆண்டுக்கு முன்பே குடவோலை கண்டவன் தமிழன்!" என்று முழங்குவார், நாமும் கை தட்டுவோம். முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை அவர் முழுதும் படித்தாரா என்பது ஐயமே. அது பார்ப்பனர் ஊரின் சபை. நிலமும் வீடும் வேதப்பயிற்சியும் உடைய ஆடவர்க்கே அங்கு இடம். பெண்டிர்க்கும் உழைப்போர்க்கும் இல்லை. இதனை மாணவரிடம் மறைப்பது ஆசிரியர்க்கு அழகன்று. ஆயினும் அக்கல்லில் எனக்குப் பிடித்த விதியொன்று உண்டு. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்புக்கு வரலாகாது. அவருடைய உறவினரும் வரலாகாது! குடத்தில் இட்ட ஓலையைச் சிறுவன் எடுக்கும் காட்சியைப் படமாய் எழுதி வகுப்பறையில் மாட்டுகிறோம். கணக்குக் காட்டும் விதியை எவரும் மாட்டக் காணேன்.

நானும் இக்குற்றத்துக்குப் புறம்பானவன் அல்லேன். சில ஆண்டுகளுக்குமுன் நான் உறுப்பினனாய் உள்ள ஒரு சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குச் சென்றேன். தீபாவளி விருந்துக்கு மண்டபம் கொள்ளாமல் வந்தவர்களில் பத்தில் ஒருவர்கூட அன்று இல்லை. போதிய எண்ணிக்கை சேராததால் விதிப்படி அரைமணி நேரம் ஒத்திவைத்தனர். பின்பு வந்திருந்தோரே போதும் எனக் கொண்டு கூட்டம் நடந்தது. கணக்கறிக்கையைப் படித்தார்கள், "ஏற்கிறேன்" என்று ஒருவர், "வழிமொழிகிறேன்" என்று ஒருவர், இரண்டாமவர் நான். அறிக்கையின் முதற்பக்கத்துக்கு அப்பால் நான் புரட்டவில்லை. பொருளாளர் நேர்மையானவர், ஆகவே தீங்கு நேரவில்லை. நேர்மையற்றவராய் இருந்திருந்தாலும் என் கை உயர்ந்தேயிருக்கும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சிக் கல்லூரியில் நாம் கற்றதும் கற்பிப்பதும் இலக்கணம், இலக்கியம், கட்டுரை, கருத்துணர்தல். நன்று. ஆனால் பத்தாண்டு தமிழ் பயின்று வெளிவரும் மாணவருள் ஒரு வரவுசெலவுக் குறிப்பைத் தமிழில் படித்து ஐயம் எழுப்பக்கூடியவர் எத்தனை பேர்? தீர்மானம் எழுத, திருத்தம் முன்மொழிய, கூட்டக் குறிப்பு எடுக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? இவற்றுக்கெல்லாம் தமிழிற் சொல் இருக்கிறது. பயன்படுத்தும் வாய் இல்லை. வகுப்பு நூலகத்துக்கு மாணவரிடம் ஆளுக்கு ஒரு வெள்ளி பெறுங்கள். எந்நூல் வாங்குவது என ஆளுக்கு ஒரு வாக்கு அளிக்கட்டும். தந்தை வசதியுள்ளவர் என்பதால் பத்து வெள்ளி கொண்டுவரும் பிள்ளைக்கும் ஒரே வாக்குதான் என்று சொல்லுங்கள். அப்பிள்ளை ஏன் என்று கேட்கும். அக்கேள்விக்கு விடை சொல்லும் அரைமணி நேரம் எந்தப் பாடநூலிலும் இல்லாத பாடம். கணக்கை மாணவரே எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டட்டும். அச்சுவர் அவர்களின் தொடரேடு.

என் மாணவரை மறுபடியும் அதே உணவங்காடியில் சந்தித்தேன். மேற்கூறியவற்றையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு, "ஐயா, வெளிப்படைக் கணக்கு நல்லது என்று நீங்களே சொல்கிறீர்கள். உங்கள் சங்கம் ஏன் கணக்கை மாதந்தோறும் உறுப்பினர்க்கு அனுப்பக்கூடாது?" என்று கேட்டார். விடை என்னிடம் இல்லை. "உறுப்பினராகச் சேர்ந்து அதனை நீரே கேளும்" என்று விண்ணப்பப் படிவத்தை நீட்டினேன்.

சேர்ந்தார். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு அறிக்கையை முழுதும் படித்துக் கோடிட்டுக்கொண்டு வந்தார். மண்டப வாடகை முந்திய ஆண்டைவிட ஏன் உயர்ந்தது என எழுந்து வினவினார். அவையில் சிறு சலசலப்பு. பொருளாளர் முகம் சற்றே சிவந்தது. பின்னர் அவர் எழுந்து சென்று அலமாரியைத் திறந்து, பற்றுச்சீட்டுக் கோப்பை எடுத்துவந்து மேசைமேல் விரித்தார். நாங்கள் அனைவரும் நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டோம்.